நான் சொன்ன ஐந்து நாள்

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கரண்ட் வைத்துக் கரைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் குடல் வெந்துபோய், வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. கருவாடு காயப்போடும் இடத்தில் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடல் செல்களை வளர்ப்பது என் வேலை. ஊரில் எனக்கிருக்கும் மரியாதையே அதனால்தான். லீவில் வந்தபோது பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: "கவலப்படாதம்மா. குடலோட உள்தோல் அஞ்சு நாளுல புதுசாயிடும். அதுக்குன்னே ஸ்டெம் செல்லுனு ஒண்ணு கீது. அதுவே சரி பண்ணிடும்."

பொய் இல்லை, பாதி உண்மை. அது பொய்யைவிடக் கேடு. ஸ்டெம் செல்கள் குடல் சுவரின் சின்னக் குழிகளுக்குள் இருக்கின்றன. எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வது சுற்றியுள்ள திசுதான். அது சுரப்பதைத்தான் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செல்களுக்கு ஊற்றுவோம். ஒருமுறை ஊற்ற மறந்துவிட்டேன். நல்ல செல்கள்தான், சில நாளிலேயே செத்துப்போயின. விதை நன்றாக இருந்து என்ன, மண் கெட்டிருந்தால்? அம்மாவின் குடலில் கரண்ட் அந்த மண்ணைத்தான் இறுக வைத்திருந்தது. எல்லாம் தெரிந்தும், பயப்படுவாளே என்று சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊருக்குப் போனேன். எல்லாரும் கோயிலுக்குள் இருக்க, அம்மா மட்டும் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மாதவிலக்கு நின்று பல வருஷமான மனுஷி எந்தத் தீட்டுக்காக வெளியே நிற்கிறாள்?

"இன்னாம்மா, உள்ள வரல?"

"நீ போ. எனக்கு ரத்தம் போவுது. வெளிக்குப் போற எடத்துல."

"எத்தினி நாளா?"

"நீ சொல்லிட்டுப் போன மறுவாரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?" கத்திவிட்டேன். கூழ் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சு நாளுல சரியாயிடும்னு நீ சொன்னத ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டேன். படிச்ச பொண்ணு வார்த்த பொய்யாயிடக் கூடாதுனு பாத்தேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தை நிறுத்தலாம், மறுபடியும் வரலாம், இறுகிப்போன திசுவைப் பழையபடி ஆக்க வழியில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அதே பெஞ்சில், அதே சிகிச்சை முடிந்து அதே தொல்லையோடு வந்திருந்த இன்னொரு அம்மாவோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணக் கேளு. குடல் வேலதான் செய்யுறா," என்றாள் பெருமையாக.

அந்தம்மா என் பக்கம் திரும்பினாள். "எப்பமா சரியாவும்?"

அந்த ஐந்து நாள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"முழுசா சரியாவறது கஷ்டம்மா," என்றேன். "டாக்டரு கிட்ட வந்துனே இருக்கணும்."

அம்மா என்னையே பார்த்தாள். "எனக்கும் அப்டித்தானா?"

"உனக்கும்தாம்மா."

அம்மா, ரத்தத்துக்கு மாற்றிக்கொள்ள இடுப்பில் இறுக்கிச் செருகி வைத்திருந்த பழந்துணிச் சுருளை வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள்.

"அப்போ இனிமே மறைக்க வேணாம், இல்ல?" என்றாள்.