இடப்பக்க இருக்கை

ஜம்புநாதனுக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டுச் சேதத்தைக் கணிப்பது அவர் உத்தியோகம். பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் குடித்தனம் வைத்தவர். குழந்தை இல்லை. மனைவி வாலாம்பாளும் அவரும் மட்டுந்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சீமைக்குக் கப்பலேறிவிட்ட ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பியானோவையும் நாற்காலிகளையும் எடுக்க ஆளிருந்தது. லாயத்தில் கிடந்த எம்.ஜி. காரை யாரும் சீண்டவில்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தய வண்டி. கம்பிச் சக்கரங்களெல்லாம் துரு. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. டிரைவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டிய இருக்கையைக் காணோம். அந்தப் பக்கத் தரைப்பலகை மட்டும் புதுசாக இருந்தது. ஜம்புநாதன் அதை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டடத்தின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் இறக்கினார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு வேறு நினைப்பில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார். எஞ்சினைத் தனித்தனியாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். பிஸ்டனைச் சுற்றிச் சேறு இறுகியிருந்தது. உளுத்துப்போன மரச்சட்டங்களைத் தேக்கில் இழைத்து மாற்றினார். தாராவித் தோல் கிடங்கிலிருந்து சிவப்புத் தோல் வாங்கி வந்தார். வாலாம்பாள் அதைத் தைத்து இரண்டு இருக்கைகள் செய்து கொடுத்தாள்.

இடப்பக்க இருக்கையைப் பொருத்திய பிறகுதான் அது ஆரம்பித்தது. மறுநாள் பார்த்தால் வண்டி இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. பழைய ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று எண்ணி மாற்றினார். மறுபடியும் தாழ்ந்தது. வலப்பக்கத்து ஸ்பிரிங்கை இடப்பக்கம் போட்டுப் பார்த்தார். அப்போதும் இடப்பக்கமே தாழ்ந்தது. கடைசியில் இருக்கையைக் கழற்றினார். வண்டி மட்டமாக நின்றது. தலையணை கனந்தான் இருக்கும் அந்த இருக்கை. அதைத் திரும்பப் பொருத்தியதும், அவர் கண்ணெதிரிலேயே, ஒரு ஆள் ஏறி உட்காருவதுபோல் வண்டி மெல்ல இறங்கியது.

அவர் வாலாம்பாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள், வண்டி தாழவில்லை. எழுந்தாள், உயரவுமில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, இந்தத் தோல் சுட்றது. இப்பத்தான் யாரோ எழுந்து எடம் விட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் மற்றதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. காரை விற்றுவிடும்படி சொன்னாள். ஜம்புநாதனுக்கு மனசு வரவில்லை. ஆனால் இடப்பக்கம் கை வைக்க நேரும்போதெல்லாம், நடுவில் எதையோ தொட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவர் கை தானாகவே சுற்றிப் போனது.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுத்தார். எஞ்சின் பாடிற்று. செம்பூர் வரைக்கும் வெண்ணெயாகப் போயிற்று. மான்குர்த் உப்பளங்கள் தொடங்கியதும் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. அவர் திருப்பத் திருப்ப அது கழிமுகத்தின் பக்கமே சாய்ந்தது. வளைவில் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். முன் சக்கரம் சதுப்பின் விளிம்பில் நின்றது. ரேடியேட்டரில் ஆவி பறந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் தங்கபாண்டி. வண்டியைக் கிட்டத்தில் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

யுத்தத்தின்போது இந்த வண்டியைச் சேற்றிலிருந்து கயிறு போட்டு இழுத்தவர்களில் தானும் ஒருவன் என்றார். துரை நனைந்த உடையோடு கரையில் நின்று, தான் தனியாகத்தான் வந்ததாகச் சொன்னாராம். ஆனால் வண்டி சேற்றில் விழுவதற்குச் சற்று முன்னால்தான் இதேபோல் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டி வண்டி நின்றிருக்கிறது. அப்போது இறங்கி நின்ற ஒரு பெண்ணிடம் தங்கபாண்டி பேசியிருக்கிறார்.

"நம்ம தமிழ்ப் பொண்ணுய்யா. வெள்ளச் சீல கட்டியிருந்திச்சு. 'அண்ணாச்சி, மாட்டுங்காவுக்கு எப்படிப் போகணும், பஸ்ஸு ஏதும் உண்டா'ன்னு கேட்டிச்சு. நான் பதில் சொல்லுமுன்ன தொரை அதட்டுனாரு. ஏறிக்கிட்டுது" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேருன்னு நான் போலீசுல சொன்னேன். என்னைய அடிச்சு வெரட்டிட்டாவ."

ஜம்புநாதன் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கழிமுகத்தில் தண்ணீர் வடியும்வரை அப்படியே நின்றார். வண்டி எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாலாம்பாளிடம் சொன்னார். அவள் அரிவாள்மணையை ஒதுக்கி வைத்தாள்.

"உயிர் போன எடத்துல கொண்டு போய் எறங்குன்னா யாருன்னா எறங்குவா? அவ மாட்டுங்காவுக்குன்னா வழி கேட்டிருக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுங்காவில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ஜம்புநாதன் நடைவேகத்தில் காரை ஓட்டினார். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, அவர் மனைவி பின் சக்கரத்தின் மேலே கண்ணை வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தாள். கோவில் தெரு, மார்க்கெட், சர்க்கிள் என்று ஒவ்வொரு தெருவாகப் போனார்கள். எதுவும் நடக்கவில்லை. வெயில் ஏறி, இருவரும் களைத்துப் போனார்கள். ரயில் லைனை ஒட்டிய ஒரு சந்தில் எஞ்சின் தானாக நின்றது.

ஜம்புநாதன் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். வண்டி மெல்ல எழும்பியது. வாலாம்பாள் சட்டென்று ஒதுங்கினாள். தன் புடவைத் தலைப்பு காற்றில்லாமலே அசைந்தது என்று பின்னால் சொன்னாள்.

மேலே மாடி வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வயதான அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வண்டில இருந்து எறங்குனது யாரு?" என்று கேட்டாள்.

அவள் பெயர் சொர்ணம்மாள். திருநெல்வேலிக்காரி. இருவரும் படியேறிப் போனார்கள். மகள் கனகவள்ளி யுத்தகாலத்தில் ஒரு துரையின் ஆபீசில் டைப் அடித்தாள் என்றும், ஒருநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை என்றும் சொர்ணம்மாள் சொன்னாள். வெள்ளைக்காரனோடு ஓடிவிட்டாள் என்று தெருவே பேசியதாம். தன் புருஷன் பிரம்மநாயகம் மகள் பெயரை வீட்டில் எடுக்க விடாமலே செத்துப்போனாராம்.

கார் தாழ்ந்ததையும் எழும்பியதையும் பற்றி ஜம்புநாதன் வாயைத் திறக்கவில்லை. தங்கபாண்டி கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னார். சொர்ணம்மாள் அழவில்லை.

"வீட்டுக்கு வரத்தான் வழி கேட்டாளா?"

"ஆமாம்மா. ஆத்துக்கு வரத்தான்" என்றாள் வாலாம்பாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். துரை தேசத்திலேயே இல்லை என்பதோடு அது நின்றுவிட்டது. தங்கபாண்டி ஒருநாள் வந்து, அதே வார்த்தைகளைச் சந்திலிருந்த எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். சொர்ணம்மாள் மகளுக்குச் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்தாள். கார் அதன்பின் தாழவில்லை. வாலாம்பாள் அதில் ஏற இன்னொரு மழைக்காலம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட்டில் ஒருநாள் சொர்ணம்மாள் அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"நீங்க வந்துட்டுப் போன பொறவு கொஞ்ச நாளு, காலையில எந்திரிச்சா எம் மக படுக்குற எடத்துல தரை நனைஞ்சு கெடக்கும்மா. உப்புத் தண்ணி. நான் யாருட்டயும் சொல்லல. தொடச்சுவிட்டுட்டு அங்கயே ஒரு பாய விரிச்சுப் போடுவேன். இப்ப காஞ்சு கெடக்கு."

சொல்லிவிட்டு அவள் முருங்கைக்காய்க்காரியிடம் பேரம் பேசப் போனாள்.