கடைமடையில் கால் கழுவ

ஆற்றுத் தண்ணீரை முறைவைத்து வாய்க்காலில் விடும் திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று மதிப்பிடுவது என் வேலை. சரவணம்பட்டி ஆபீசில் கேள்வித்தாள் தயாரித்து, கோபிசெட்டிபாளையம் பக்கம் போய் டிக் அடித்து வருவோம். "வயலுக்குத் தண்ணி வருதுங்களா?" போன வீட்டிலெல்லாம் ஒரே பதில், "வருதுங்க." மேலாளருக்கு வாயெல்லாம் பல். அந்த அறிக்கை போனால் முறை மாறவே மாறாது.

எனக்குத்தான் உதைத்தது. தண்ணீர் திறக்கிற மதகடியிலும் வருது, வாய்க்கால் முடிகிற கடைமடையிலும் வருதென்றால் யார் நம்புவது? நானும் இந்த மண்ணில் பிறந்தவள். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று அனுப்பிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து புலம்புவோம். அந்தப் பாழாய்ப்போன மரியாதையைத்தான் அள்ளி வந்திருந்தோம்.

மறுபடி போகிறேன் என்றேன். "வேலில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்காதீங்க அம்மணி," என்றார் மேலாளர். போனேன்.

கடைசி வயல் ஓர் அக்காவுடையது. ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்க்கிறவர். போன தடவை "வருதுங்க" என்றவர். இம்முறை நான் கேள்வித்தாளை எடுக்கவே இல்லை.

"காலெல்லாம் புழுதிங்க்கா. வாய்க்கால்ல கழுவிப்போட்டு வாரேன்," என்று நடந்தேன்.

அவர் பதறி வந்து மறித்தார். "அங்க போவாதீங்க கண்ணு. நான் குடத்துல மொண்டு தாரேன்."

"ஏனுங்க்கா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு போகமா அதுல தண்ணியே இல்லீங்க. இந்தத் தடவையும் வரலீன்னா வயல வித்துப்போட்டு மில்லுக்குத்தான் போவோணும்."

எனக்கு வந்த கோபமெல்லாம் என் கேள்வித்தாள் மேல்தான். கடைமடை வீடுகள் எல்லாவற்றிலும் அதே கால் கழுவும் நாடகத்தை ஆடினேன். எல்லாரும் அதேபோலப் பதறினார்கள். காய்ந்த வாய்க்காலைப் படமெடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒட்டி, திட்டம் மதகடியில் வெற்றி, கடைமடையில் தோல்வி என்று எழுதினேன். மேலாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். அடுத்த போகத்துக்கு, கடைமடை பாய்ந்த பிறகே மேல்மடை என்று முறை மாறியது.

தண்ணீர் விட்டதும் ஓடினேன். வாய்க்கால் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கா நாற்றுக்கட்டோடு சேற்றில் நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று வரப்பிலிருந்தே கையாட்டினேன். வேண்டுமென்றே அந்தப் பழைய கேள்வித்தாளை எடுத்தேன்.

"தண்ணி வருதுங்களாக்கா?"

"என்னைய எதுக்குங்க கண்ணு கேக்கறீங்க," என்று சிரித்தார். "போயிக் காலக் கழுவிப்போட்டு வாங்க."