மல்லாட்டைக் கிடங்கு எரிந்த நாள்

கிடங்கு எரிந்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள். என் சித்தப்பா. என் தாய்மாமன். எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலு ஆண்பிள்ளைகள். கிடங்குக்காரர், அவரை நாங்கள் ஆண்டை என்போம். கிணற்றடியில் நான், வயது பத்து. அம்மா வரவில்லை. தம்பி பிறந்து ஐந்து நாள்.

சண்டைக்காலம் அது. திண்டிவனத்துக்கு ஏற்றிப்போக வேண்டிய மல்லாட்டை மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது, அத்தனையும் வேர்க்கடலை. மத்தியானம் புகை எழும்பியது. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று ஒருத்தர் வைக்கோற்போருக்குள் புகுந்துகொண்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஊரெல்லாம் மல்லாட்டை வறுத்த வாசனை.

ஆண்டை எங்கள் தெருவுக்கே ஓடி வந்தார். அதற்கு முன் அவர் அங்கே கால் வைத்ததில்லை.

"ஜல்தி வாங்கடா. மூட்டையெல்லாம் போவுது."

ஓடினோம். கிடங்கை ஒட்டி ஊர்க்கிணறு. சித்தப்பா கயிற்றைத் தொடாமல் நின்றார்.

"இதுல எடுக்கலாங்களா, ஆண்டை?"

"எரியுது, கேட்டுகினு நிக்கிறான் பாரு. எடுடா."

மாசியில் எங்கள் தெரு எரிந்தபோது யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஏரிக்கு ஓடினோம். திரும்பி வருவதற்குள் எட்டுக் குடிசை சாம்பல்.

சித்தப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீ இறைச்சிகினே இரு. நாங்க வெளிய வரும்போதெல்லாம் கோணி மேல ஊத்து. காஞ்ச கோணியோட உள்ள போனா மூச்சு தங்காது."

அந்தக் கயிற்றை நான் அதுவரை தொட்டதே இல்லை. உருளை கிறீச்சிட்டது. குடம் மேலே வர வர எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினேன். தலையில் கோணி போர்த்தி உள்ளே போவார்கள். மூட்டையோடு வருவார்கள். ஊற்றுவேன். கோணியிலிருந்து ஆவி பறக்கும்.

"நல்லா ஊத்துடி மருமவளே. இனிமே தீவாளிக்குக் குளிச்சா போதும்" என்றார் மாமன்.

நடுவில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் குட்டைத் தண்ணீர் உப்புக் கரிக்கும். இது இளநீர் மாதிரி. அடுத்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பாதி சிந்தியது. அம்மா படுத்தபடி குடித்தாள். தம்பி உதட்டிலும் ஒரு சொட்டு வைத்தேன்.

திரும்பி வந்தபோது மாமன் மண்ணில் கிடந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. சித்தப்பா குனிந்து இருமினார். கரியாக வந்தது.

"எங்கடி போன?"

"அம்மாவுக்குத் தண்ணி கொண்டுகினு போனேன்."

சித்தப்பா சிரித்தார். "இன்னா சொன்னா?"

"நல்லாருக்குதாம்."

"இருக்கும்."

கருகிய மல்லாட்டையை அள்ளிக்கொள்ளச் சொன்னார் ஆண்டை. நாலு நாள் தெருவே தின்றது. மறுநாள் ஊர்க்காரர்கள் கிணற்றை மொத்தமாக இறைத்துக் கழுவினார்கள். என்னைக் கூப்பிடுவார்கள் என்று குடத்தோடு போய் நின்றேன். விரட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

சித்தப்பாவின் இருமல் நிற்கவில்லை. அடுத்த வருஷம் மல்லாட்டை பிடுங்க அவர் இல்லை.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமன் சொன்னார். அன்று உள்ளே அவர் விழுந்துவிட்டாராம். சித்தப்பா வெளியே வந்து என்னைத் தேடினாராம். கிணற்றடியில் ஆள் இல்லை. இறைக்க நேரமில்லை. காய்ந்த கோணியோடு திரும்ப உள்ளே போய், மாமனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தாராம்.

அன்று நான் இறைத்தது முப்பத்தொரு குடம். நெருப்புக்குப் போனது முப்பது.