மரத்துக்குப் போட்ட குளிர்

நான் இரவில் துப்புரவு செய்யும் தளபாடக் கடை, பூட்டிய பிறகும் குளிர்ந்துகொண்டே இருக்கும். வளைகுடாவுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. கட்டில், அலுமாரி, கதிரை என்று ஒன்றுக்கும் உயிர் கிடையாது. இவற்றுக்கு எதற்கு ஏசி? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தரை துடைக்கிறேன் என்றால் ஊரில் நம்பமாட்டார்கள்.

இலங்கையில் என் ஊரான உடப்பில் நான் இறால் பண்ணையில் வேலை செய்தவன். இரவில் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் நின்றால் இறால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வெயில் ஏறியதும் அவ்வளவு தேவைப்படாது, பாதியை நிறுத்திவிடுவோம். அதற்கென்றே ஒரு டைமர் இருந்தது. அங்கே பழகியவனுக்கு, வீணாக மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலே கை சுவிட்சைத் தேடும்.

அதனால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கள் என்று கம்பனி அதிகாரி கூட்டம் வைத்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆளில்லாத நேரத்தில் ஏசி நிற்க டைமர் போடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கைதட்டினார். அடுத்த கிழமையே டைமர் வந்தது, கடைக்கு அல்ல, எங்கள் தங்குமிடத்துக்கு. காலையில் நிற்கும் ஏசி பொழுதுபட்டால்தான் வரும். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்களாம். இரவு வேலைக்காரன் பகலில்தான் தூங்குவான் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. நேரில் போய்ச் சொன்னேன்.

"சேர், பகலில் நாங்கள் அறையில் இருக்கிறோம். கடைக்குப் போடலாமே?"

"சூட்டில் மரம் வெடித்துவிடும்," என்றார். பிறகு தோளில் தட்டினார். "உன் யோசனை நன்றாக வேலை செய்கிறது."

இறாலுக்கு மூச்சு முட்டும் என்று பண்ணை முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மரம் வெடிக்கும் என்று இவருக்குத் தெரிகிறது. மனிதனைப் பற்றித்தான் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் கட்டில் நேபாளி, பகல் தூக்கமில்லாமல் வேலையில் கண் சொருகி ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவனிடம் எனக்குக் கோபமில்லை.

நேற்று மத்தியானம் மனைவி போன் எடுத்தாள்.

"இன்னும் நித்திர கொள்ளல்லயா? ஏசி ஓடுதுதானே?"

"ஓம், குளிருது."

"நல்லம். நாங்க இப்ப பகல்ல பேன் போடுறல்ல. நீங்க அங்க கஷ்டப்படக்குள்ள கரண்ட வீணாக்கலாமா?"

"புள்ளையளுக்குப் போடுங்க."

"நீங்க வந்த பொறகு போடுவம்."

சின்னவனுக்கு அவள் காட்போட் மட்டையால் விசிறும் சத்தம் போனில் கேட்டது. என் கையிலும் ஒரு மட்டை இருந்தது. அவளுக்குக் கேட்டுவிடும் என்று விசிறுவதை நிறுத்தினேன்.