சுவருக்குள் சத்தம்

தொண்டியில் அந்த வீட்டின் உள்சுவர்களுக்கு சிமென்ட் பூசச் சொன்னது கொத்தனாரான நான்தான். கடலில் எடுத்த முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய பழைய வீடு. சுவரில் உப்பு பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவருடைய லாத்தா, அதாவது அக்கா, இங்கே தனியாக இருந்தார். சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு இராமநாதபுரம் திரும்ப வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. சிமென்ட் பூசினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றேன்.

அடுத்த ஐப்பசியில் அந்த அம்மா போன் செய்தார்.

"தம்பி, செவத்துக்குள்ள தண்ணி ஓடுற மாதிரி சத்தம் கேக்குது. ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்களேன்."

மழை விட்டதும் வருகிறேன் என்றேன். பழைய வீட்டில் எலி ஓடும் என்று வேடிக்கையாக வேறு சொன்னேன். நான்கு நாள் கழித்து, மதியம் லுஹர் தொழுதுவிட்டு அவர் தெற்கு அறையில் படுத்திருந்தபோது, தெற்குச் சுவர் உள்பக்கமாக அவர் மேல் சரிந்தது. ஆள் பிழைக்கவில்லை. போய்ப் பார்த்தேன். சிமென்டைத் தாண்டி வெளியேற வழியில்லாத ஈரத்தில், கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பெல்லாம் சேறாகக் கிடந்தது. ஊரே மழையைத்தான் சொன்னது. யாரும் என்னைச் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், ஆள் பார்க்காத நேரத்தில் சுவரில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினேன்.

போன வருஷம் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து என்னைத்தான் கூப்பிட்டார். விழுந்த சுவரை எழுப்பி, மற்றச் சுவர்களையும் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். சிமென்டைக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவர்களைக் காயவிட்டோம். கடுக்காயை இடித்து, கருப்பட்டியோடு தொட்டியில் ஊறப்போட்டோம். இரண்டு வாரத்தில் புளித்த வாடை வீடெங்கும் நின்றது. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்தோம். இந்தச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். ஆனால் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. அது எனக்கு சிமென்ட் பூசச் சொன்ன அன்றைக்கே தெரியும்.

ஒரு சாயங்காலம், தொட்டியைக் கிண்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், அவர் அக்கா செய்த அந்த போன் விஷயத்தைச் சொன்னேன். எலி என்று சிரித்ததையும் மறைக்கவில்லை. அவர் கையை நிறுத்தவில்லை.

"எனக்கும் போன் பண்ணுனாக தம்பி. வேற ரூம்புல படு லாத்தான்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

மறுநாள் வழக்கம்போல வேலை நடந்தது.

கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்தோம். அடுத்து வந்த மழையைச் சுவர்கள் தாங்கின. உப்பும் பூக்கவில்லை. அவர் துபாய் திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். காற்றுப் படட்டும் என்று மாதம் ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். மற்ற அறைகளில் சாதாரணமாகத்தான் நடக்கிறேன். தெற்கு அறைக்குள் மட்டும், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, கால் ஓசை படாமல் போய் வருகிறேன்.