வராந்தாவில் லத்தீன்

தொண்ணூற்றெட்டில் அரியலூர் கோர்ட்டில் நான் வக்கீலாகச் சேர்ந்த புதிது. சாட்சிகளை அழைத்துவரும் பெண் காவலர் ஒருவர் அங்கே வருவார். ஒல்லியான உருவம், வெயிலில் வெளுத்த தொப்பி. ஊரிலிருந்து வருகிறவர்களை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருப்பார்.

அன்று மீன்சுருட்டிப் பக்கத்து அம்மா ஒருவரை அழைத்து வந்திருந்தார். வரப்புத் தகராறில் அந்த அம்மாவின் மூத்த மகன் இளையவனை வெட்டிக் கொன்றிருந்தான். பக்கத்திலேயே நின்று நான் இன்னொரு வக்கீலிடம் சிரித்துச் சிரித்து என் படிப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பனைக் கொன்றால் பேட்ரிசைட், தாயைக் கொன்றால் மேட்ரிசைட், இந்த வழக்கு ஃப்ராட்ரிசைட், எல்லாம் லத்தீனிலிருந்து வந்த சொற்கள் என்று.

காவலர் என்னருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க சார். ஆனா நீங்க சிரிக்கிறது தெரியுதுல்ல."

அதன்பின் எந்தச் சாட்சியின் முன்னாலும் நான் சிரித்துப் பேசியதில்லை; அவரைப் பார்த்து, யாரையும் நிற்கவைத்து உட்கார்ந்ததுமில்லை. அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. ஒவ்வொரு கொலைக்கும் பெயரை மனப்பாடம் செய்திருந்த நான், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படிக்கவே இல்லை.