மாஷிமா வீட்டுச் சோறு

பிழைக்கப் போன ஊரில் அந்நியன் காப்பாற்றினான், சொந்த ஊர்க்காரன் கழுத்தறுத்தான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாஞ்சிநாதன் கதையைக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

1912-இல் அவர் வங்காளத்தில், கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி டைப்பிஸ்ட். பவானிபூரில் ஒரு வீட்டின் கீழ் அறையில் ஜாகை. மாடியில் வீட்டுக்கார அம்மாள், ஒரு பிராமண விதவை. தெருவுக்கே அவள் மாஷிமா, அதாவது பெரியம்மா.

வாஞ்சிநாதனுக்கு அம்மை போட்டபோது நம்மவர்களின் மெஸ்ஸில் வாசற்படி ஏறவிடவில்லை. ஆசாரமாம்! மாஷிமாதான் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாள். அதன்பின் அவருக்கு அங்கேயே சாப்பாடு. வங்காளத்து விதவைகள் மீனைத் தொடக்கூடாது. மாஷிமா வெங்காயம், பூண்டு, ஏன், அசைவத்தில் சேர்த்தி என்று மசூர்ப் பருப்பைக்கூட அடுக்களையில் சேர்க்கமாட்டாள். நம் மெஸ்ஸைவிட அங்கே மடி அதிகம்.

இந்தச் சோற்றில் பங்குக்கு வந்தவன் மஹாதேவன். வாஞ்சிநாதனின் ஊர்க்காரன். ஆபீஸில் வேலையும் அறையில் பாதி இடமும் அவர் கொடுத்தவை.

வாஞ்சிநாதனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மனைவி காமுவோடு சேர்ந்து இருந்தது மொத்தமே இரண்டு மாதம். வரும் தையில் மாமனார் அவளைக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

"காமு வரப்போறா. நீ வேற ஜாகை பாத்துக்கோடா" என்றார் வாஞ்சிநாதன்.

"பேஷா!" என்றான் மஹாதேவன்.

மார்கழியில் மாமனாரிடமிருந்து ஒரு கவர் வந்தது. பெண்ணை அனுப்புவதற்கில்லை என்று ஒரே வரி. கூடவே, அவருக்கு வந்த ஒரு கார்டு: 'உம் மாப்பிள்ளை பெங்காலி வீட்டில் சாப்பிடுகிறார். பெங்காலிகள் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார்கள்.' கையெழுத்து இல்லை. ஆனால் மஹாதேவனின் எழுத்து வாஞ்சிநாதனுக்குத் தெரியாதா?

அதில் பொய் என்று எதைச் சொல்வது? விதவை வீடு என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டான் படுபாவி. அதையும் கவரில் எழுதாமல் கார்டில் எழுதினான். தபால்காரன் படித்து, தெருவே படித்து, கடைசியில்தான் மாமனார் படித்தார். வாஞ்சிநாதன் நடந்ததை விளக்கி எழுதினார். 'நான் நம்புவேன், தெரு நம்பாது' என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை மடியில் செருகிக்கொண்டு மாடி ஏறினார், அவனை நாலு அறை அறைய. மஹாதேவன் இலையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாஷிமா இவருக்கும் இலை போட்டாள்; அவள் எதிரில் கை ஓங்க முடியாமல் உட்கார்ந்தார்.

"பௌமா எப்போ வரா?" என்று ஆசையாகக் கேட்டாள். மருமகளைத்தான் அப்படிச் சொல்வாள்.

தன் சோற்றினால்தான் ஒரு பெண் வராமல் போனாள் என்று மாஷிமாவுக்குத் தெரியலாமா? இவர் அதைச் சொல்லமாட்டார் என்று மஹாதேவனுக்கும் தெரியும்.

"அவ அப்பா ரொம்ப ஆசாரம், மாஷிமா. பாவம், இவன் என்ன பண்ணுவான்?" என்றான் வங்காளியில். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை அந்த வீட்டு இலையிலேயே உட்கார்ந்து செய்தான். வாஞ்சிநாதன் ஒரு பருக்கை தொடாமல் எழுந்து கீழே போனார்.

மாஷிமா அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் சமையல் அவனுக்கு அலுத்துப்போச்சா?" என்று மஹாதேவனிடம் கேட்டாள்.